வரட்டுமா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். நான் நலம். நீ, மாமா, உன் முதுகுவலி மூன்று பேரும் நலமா? போனில் பேசினால் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் பேச்சு தீர்ந்துவிடுகிறது. அதுவும் இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் "சரியா கேக்கலடா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நான் வேலை பார்க்கும் கிடங்கைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். தரைக்குக் கீழே ஒரு நீளமான அறை, இரும்பு அலமாரிகள். வந்து இறங்கும் இசைத்தட்டுகளுக்கு உறை போட்டு, பெட்டிக்கு இருபத்தைந்தாகக் கட்டி ஊர் ஊராக அனுப்புவது என் வேலை. எல்லாம் ஹவுஸ், டெக்னோ வகை. பாட்டு என்று சொல்ல முடியாது, பாடுவதற்கு ஆளே கிடையாது. ஒரு தாளம், அதன் மேல் நாலைந்து சத்தம், அதுவே பத்து நிமிஷம் சுற்றிச் சுற்றி வரும். கேட்கக் கேட்க ஆளை மயக்கிவிடும். ஒன்றில் முந்நூறு தட்டுதான் போடுவார்கள். சிலவற்றில் போட்டவர் பெயர்கூட இருக்காது. வெள்ளை லேபிள், அதில் ரப்பர் ஸ்டாம்பில் ஒரு எண், அவ்வளவுதான்.

அப்படி ஒன்று போன வாரம் வந்தது. எண் ஐந்து. தட்டில் இசை முடிந்த பிறகு, லேபிளுக்கு முன்னால், விரல் அகலத்துக்கு வழவழவென்று வெற்றிடம் இருக்கும். அங்கே தட்டின் எண்ணைக் கையால் கீறியிருப்பார்கள். இந்தத் தட்டில் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் பூ டிசைன் என்றார்கள். அது தமிழ், அக்கா. "வரட்டுமா" என்று எழுதியிருக்கிறது. ட் மேலே புள்ளி இல்லை, குட்டி வட்டம்.

புள்ளிக்குப் பதில் வட்டம் போடுகிறவன் வேறு யார்? நான் ஹாஸ்டலில் இருந்தபோது அண்ணன் எனக்கு எழுதிய ஆறு கார்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஆறும் "வரட்டுமா" என்றுதான் முடியும். ஆறிலும் அந்த வட்டம் உண்டு. அப்பா இறந்த மூன்றாம் நாள் அவன் வீட்டை விட்டுப் போனான், பதினோரு வருஷம் ஆயிற்று. உயிரோடு இருக்கிறானா என்றுகூட நாம் பேசிக்கொள்வதில்லை. இருக்கிறான் அக்கா! மாடி அறையில் தாளம் போடும் மெஷின்களை வைத்துக்கொண்டு இதே மாதிரிதானே தட்டிக்கொண்டிருப்பான்? இந்தத் தட்டு அவன் போட்டதுதான்.

பார்சலில் தட்டு இருக்கிறது. உன் ஆலையில் நூல் எண்ணுகிற கண்ணாடியை வைத்துப் பார். உடனே எழுது.

உன் வாலு

*

மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் பார்சலும் வந்தன. நாங்கள் நலம். முதுகு பரவாயில்லை. நீ அந்தத் தரைக்குக் கீழே இருக்கும் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாயா? சளி பிடித்தால் உனக்கு லேசில் விடாது.

இங்கே ஆலையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அச்சடித்த துணி வெளிச்ச மேசை மேல் ஓடிக்கொண்டே இருக்கும், பழுது எங்கே என்று நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போன வாரம் ஒரே இடத்தில் ஒரு நீலப் பொட்டு, இருபத்தைந்து அங்குலத்துக்கு ஒருமுறை. நெய்தவர்களைப் பிடித்து எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். "திரும்பத் திரும்ப வருதுன்னா துணியில தேடாதீங்க, அச்சு உருளையில தேடுங்க" என்று சொன்னேன். உருளையில் ஒரு கீறல் இருந்தது. மேலாளர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். இருபது வருஷ சர்வீசுக்கு ஒரு டீ.

நீ எழுதியதைப் பற்றி: உலகத்தில் தமிழ் எழுதுகிறவர்கள் எத்தனையோ கோடி பேர். வட்டம் போடுகிறவர்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன். போதுமா?

எண் ஆறும் ஏழும் வந்துவிட்டன. இரண்டிலும் அதே சொல், அதே வட்டம். இதற்கு என்ன சொல்லப் போகிறாய்?

கண்ணாடி வைத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். நீ நீலப் பொட்டைப் பற்றி எழுதுகிறாய். நான் சின்னப் பையனாக இருந்தபோது நடந்தது எனக்கும் கொஞ்சம் நினைவிருக்கிறது. அண்ணன் இடது கையால் வலமிருந்து இடமாக எழுதுவான், எல்லா எழுத்தும் திரும்பி நிற்கும். நீ முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுப்பாடத்தைப் படிப்பாய். அப்பா அவனை "நொட்டாங்கை" என்றே கூப்பிடுவார். கடைசியில் நீதான் உட்கார்த்தி வைத்து நேராக எழுதப் பழக்கினாய். அம்மா இல்லாத வீட்டில் எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவள் நீ. அவன் எழுத்து என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. அவன் போனபோது நான் பரீட்சைக்காக ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டிருந்தேன். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று நீ சொன்னாய். யார் மேல் கோபம்? போகும்போது என்ன சொன்னான்?

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

வாலு

*

மே 12

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதம். மாமாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல், பிறகு எனக்கு. இப்போது இருவரும் எழுந்து நடமாடுகிறோம். உன் வயிறு எப்படி இருக்கிறது? வெளியில் எண்ணெயில் பொரித்ததைக் கண்டபடி தின்னாதே.

பார்த்தேன். தமிழ்தான். அவன் எழுத்து மாதிரிதான் இருக்கிறது. நீ சொல்வது போல அந்த இசையைப் போட்டவர்தான் எழுதியிருக்க வேண்டும். அவரைத் தேடிப் பார்.

போகும்போது அவன் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "போறேன்" என்றான், போனான். அவ்வளவுதான்.

மாமா பழைய சாமான் கடையிலிருந்து தட்டு சுழலும் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஓடவில்லை. அதைக் கழற்றிப் போட்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையெல்லாம் திருகாணி. என் காலில் ஒன்று குத்தியது.

அக்கா

*

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் ஒத்துக்கொண்டாய்! கடிதத்தைப் படித்துவிட்டு அலமாரிக்கு நடுவில் ஒரு குதி குதித்தேன். பெட்டி ஒன்று காலில் விழுந்தது. உன் திருகாணிக்கும் இதற்கும் சரியாகப் போயிற்று.

அன்றிலிருந்து முதலாளியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன். "அந்த ஆள் யாரு, எங்க இருக்காரு?" என்று. அவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். பெயர் சொல்லாமல் போடுகிறவரின் பெயரைச் சொல்வது இந்தத் தொழிலில் துரோகமாம். நான் விடவில்லை. "அப்ப இந்த எழுத்து என்னன்னாவது கேட்டுச் சொல்லுங்க" என்றேன். தட்டு அச்சாகும் தொழிற்சாலைக்குக் கடுதாசி போட்டிருப்பதாக முந்தாநாள் சலிப்போடு சொன்னார். தொழிற்சாலைக்கு என்ன தெரியும்? ஆனாலும் பரவாயில்லை.

எண் ஏழின் முதல் பக்கத்தைத் தினமும் கேட்கிறேன். ஒரே தாளம்தான், ஆனால் அடியில் யாரோ பக்கத்து அறையில் நடந்துகொண்டே இருப்பது போல ஒரு சத்தம். நம் மாடி அறையில் அவன் நடப்பது கீழே கேட்குமே, அப்படி.

அவன் வந்தால் எந்த அறையைக் கொடுப்பாய்?

வாலு

*

ஜூன் 11

அக்கா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் மாமாதான் பேசினார். "உங்க அக்கா குளிக்கிறா" என்றார். அதற்கு முந்தைய ஞாயிறும் குளித்துக்கொண்டுதான் இருந்தாய்.

உடம்புக்கு ஒன்றுமில்லையே? இரண்டு வரி எழுது.

வாலு

*

ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் சரியில்லை. நீ கவலைப்படாதே.

மாமா பெட்டியை ஓட வைத்துவிட்டார். உன் எண் ஐந்தைப் போட்டோம். முதலில் மாமா "ஊசி மாட்டிக்கிச்சா?" என்று எழுந்து போய்ப் பார்த்தார். மாட்டவில்லை. அதுதான் இசையாம். அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, முதலில் இருந்த ஒரு சத்தம் இல்லாமல் போயிருப்பது தெரிந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து வைத்தேன், மறுபடியும் கோட்டை விட்டேன். நாலு தடவை வைத்தேன். பயமாக இருந்தது.

அந்த ஆளைப் பார்த்துவிட்டாயா?

அக்கா

*

ஜூலை 10

அக்காவுக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை.

பார்த்துவிட்டேன். என் தொல்லை தாங்காமல் முதலாளி அவரிடமே கேட்டு, அவர் சரி என்று சொல்லி, போய்ப் பார்த்தேன். அது அண்ணன் இல்லை. ஐம்பது வயது அம்மா ஒருத்தர். பகலில் பல்செட் செய்கிற வேலை. மேசை முழுக்கப் பல் வரிசைகள் சிரித்துக்கொண்டிருக்கின்றன, பின்னறையில் மெஷின்கள். ரொம்ப நல்ல மனுஷி. நான் அழுதுவிட்டேன். பல் தூள் துடைக்கிற துணியைக் கொடுத்தார்.

"நான் எழுதலப்பா. அச்சுப் போடற இடத்துல யாரோ போடறாங்க. அழகா இருந்துச்சு, சரி இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு என் விரலைப் பிடித்துத் தட்டின் மேல் வைத்தார். எண் குழிந்திருக்கிறது. அது ஊசியால் முதல் தட்டை வெட்டுகிறவர் கீறியது. "வரட்டுமா" மட்டும் புடைத்திருக்கிறது. புடைத்திருந்தால் அது தட்டில் எழுதியது இல்லையாம், அச்சுத்தகட்டில் கீறியதாம். தகட்டில் எழுதுவது தட்டில் திரும்பி விழும். ஆக, தட்டில் நேராக வர வேண்டுமென்றால் தகட்டில் திருப்பி எழுத வேண்டும்.

திருப்பி எழுத வருகிறவன் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

வரும் வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மண்டையைக் குடைந்தது. எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிற ஒன்று. "துணியில தேடாதீங்க, உருளையில தேடுங்க." மார்ச்சில் நீ எழுதியதுதான். தறியில் ஒரு இழை பிசகினால் பத்தடி தள்ளி நின்று கண்டுபிடிக்கிறவள் நீ. அந்தத் தட்டை நீ தொட்டுப் பார்க்கவே இல்லையா? பார்த்துவிட்டுத்தான் மே மாதம் "இசையைப் போட்டவரைத் தேடு" என்று எழுதினாயா?

பதில் எழுது. குளித்துக்கொண்டிருக்காதே.

வாலு

*

ஜூலை 18

தம்பிக்கு,

பார்சலைப் பிரித்த அன்றே தொட்டுப் பார்த்தேன். அன்றே தெரியும்.

உன்னைத் தெரிந்தேதான் வேறு பக்கம் அனுப்பினேன். நீ அவனைக் கண்டுபிடித்தால் ஏன் போனான் என்று அவனிடம் கேட்பாய். அவன் சொல்வான். நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று அவன் மாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பா கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை. மூன்றாம் நாள், வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "உன் சத்தம்தான்டா அப்பாவைக் கொன்னுச்சு" என்றேன். அவன் மாடிக்குப் போய் ஒரு பையோடு இறங்கி வந்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு "வரட்டுமாக்கா" என்றான்.

கிளம்பும்போது எல்லாரும் சொல்கிற சொல்தான். அதற்கு "சரிடா" என்பார்கள், "பார்த்துப் போ" என்பார்கள். நான் "வராதே" என்றேன்.

அவன் செருப்பு வார் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே நிமிர்ந்து பார்த்தான். நான் கதவைச் சாத்தினேன். "போறேன்" என்று அவன் சொன்னதாக உனக்கு எழுதியது பொய்.

நீ அந்தச் சொல்லை அவன் விடைபெறுவதாக நினைக்கிறாய். அவன் விடைபெறவில்லை, தம்பி. கேட்கிறான். பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இது எனக்குத் தெரியும், தெரிந்தும் நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை.

தொழிற்சாலைக்குப் போ. லீவு கேட்காதே, போ.

அக்கா

*

ஆகஸ்ட் 4

அக்கா,

போனேன். பத்து மணி நேர ரயில்.

பெரிய கொட்டகை. உள்ளே நீராவியும் உருகின பிளாஸ்டிக் வாடையும் மூச்சை அடைக்கும். ஆறு மெஷின். நாலாவது மெஷின் அவனுடையதாக இருந்தது. ஏழு வருஷம் அதில் நின்றிருக்கிறான். ஃபோர்மேன் காட்டினார். இடது கைக்காரன் என்பதற்காக நெம்புகோலை அந்தப் பக்கம் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள், இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கேயும் அவன் அதிகம் பேச மாட்டானாம். பிடித்த இசை வந்தால் மட்டும் தகட்டில் ஏதோ கீறுவானாம். ஃபோர்மேனுக்குத் தெரியும், விட்டுவிட்டார்.

மே மாதக் கடைசியில் எங்கள் முதலாளியின் கடுதாசி போய்ச் சேர்ந்திருக்கிறது. "உங்கள் தகட்டில் யாரோ கண்டதைக் கிறுக்குகிறார்கள், என்னவென்று விசாரியுங்கள்." நான் பிடுங்கிப் பிடுங்கி எழுத வைத்த கடுதாசி. மேலே இருக்கிறவர்கள் விசாரித்தார்கள். அவன் ஒளிக்கவில்லை. ஜூன் 20ஆம் தேதி கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. அறையைக் காலி செய்துவிட்டான்.

ஏப்ரலில் நீ ஒரு வரி எழுதியிருந்தால் நான் நேரே அந்த நாலாவது மெஷினுக்குப் போயிருப்பேன்.

அவன் கடைசியாக அச்சடித்தது பல்செட் அம்மாவின் எண் எட்டு. ஃபோர்மேன் ஒன்று கொடுத்தார். அதிலும் எழுதியிருக்கிறான், ஆனால் "வரட்டுமா" இல்லை. "போறேன்" என்று இருக்கிறது.

நீ எழுதிய பொய் பலித்துவிட்டது.

*

ஆகஸ்ட் 23

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் நீ கையெழுத்துப் போடவில்லை. நலமா என்றும் கேட்கவில்லை. சரிதான். ஆனாலும் நான் கேட்பேன். சாப்பிடுகிறாயா?

இது நீ செய்த தப்பு இல்லை. முதலாளியைத் திட்டாதே, உன்னையும் திட்டிக்கொள்ளாதே. அழ வேண்டியதை நான் அழுதுவிட்டேன். இப்போது ஒரு காரியம் சொல்கிறேன், செய்.

அந்தப் பல்செட் அம்மாவிடம் போ. அடுத்த தட்டு எண் ஒன்பது என்று நினைக்கிறேன். முதல் தட்டை வெட்டுகிறவரிடம் சொல்லி, எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல்லைக் கீறச் சொல். அந்த அம்மா நம் வீட்டுக் கதையைக் கேட்டால் முழுசாகச் சொல், என்னைக் காப்பாற்ற வேண்டாம். சொல்லை இத்துடன் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்தை அப்படியே பார்த்து எழுதட்டும். அதில் புள்ளி வைக்கிற எழுத்தே இல்லை, அதனால் வட்டம் போட முடியவில்லை. "வா."

முந்நூறு தட்டு போடுவார்கள் என்றாயே. எந்த வேலையில் இருந்தாலும் அவன் இந்த மாதிரித் தட்டு விற்கும் கடைக்குள் நுழையாமல் இருக்க மாட்டான். அந்த அம்மாவின் இசை அவனுக்குப் பிடிக்கும். கையில் எடுத்தால் லேபிளுக்குப் பக்கத்தில்தான் முதலில் பார்ப்பான். பெட்டி கட்டும்போது ஒரே ஊருக்கு நிறைய அனுப்பிவிடாதே. பத்துப் பத்தாகப் பிரித்து, எத்தனை ஊருக்கு முடியுமோ அத்தனை ஊருக்கு அனுப்பு.

இன்னொன்று இருக்கிறது. போன கடிதத்தில் எல்லாவற்றையும் சொன்னேன் என்று நினைத்திருப்பாய். சொல்லவில்லை. மாமாவுக்கும் தெரியாது.

அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா கூப்பிட்டார். முதலில் அவன் பெயரை, பிறகு என் பெயரை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடுகிறவர்தானே, மூக்குக் கண்ணாடியைத் தேடுவார் என்று நினைத்தேன். இன்னும் நாலு பாத்திரம் பாக்கி இருந்தது. கழுவி முடித்துவிட்டுப் போனேன்.

அவன் காதில் ஹெட்போன் இருந்தது. என் காதில் ஒன்றுமில்லை.

அவன் வந்தால் வாசலிலேயே நிறுத்தி இதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு உள்ளே வருவதும் திரும்பிப் போவதும் அவன் இஷ்டம். மாடி அறையைக் கழுவித் துடைத்துவிட்டேன். எந்த அறை என்று நீ மே மாதம் கேட்டதற்கு இதுதான் பதில்.

எண் ஒன்பது வந்ததும் எனக்கு ஒன்று அனுப்பு. சரியாக விழுந்திருக்கிறதா என்று நான் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அக்கா